படம் பார்த்து விதை வாங்காதீர்கள்!

நாலு வருடத்துக்கு முன்னால், இதே மாதிரி ஓர் ஆனி மாதக் கடைசியில் விதைக் கடைக்குப் போனேன். கம்பியில் வரிசையாகத் தொங்கிய பாக்கெட்டுகள் ஒவ்வொன்றும் ‘என்னை எடு, என்னை எடு’ என்று கூப்பிட்டன. வெள்ளை வெளேரென்று காலிஃபிளவர், பளபளவென்று பீட்ரூட், தொட்டில் கயிறு போல நீண்ட புடலங்காய்... மொத்தம் பதினான்கு பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்று மாதம் கழித்து அறுவடை என்ன தெரியுமா? ஒரு கைப்பிடி கொத்தவரங்காய், விரல் நீளத்துக்கு நாலு காரட், ஏழு தக்காளி. அந்த ஏழிலும் மூன்றை அணில் கடித்திருந்தது!

எதிர் வீட்டு மாமியிடம் போய் மூக்கைச் சிந்தினேன். அவர் வீட்டு மாடியில் வருடம் பூராவும் ஏதாவது ஒன்று காய்த்துக்கொண்டே இருக்கும். மாமி சிரித்தார். “ஏம்மா, படத்தைப் பார்த்து சினிமாவுக்குப் போகலாம். விதை வாங்கலாமோ? முதல்லே உன் சமையல்கட்டைப் பாரு. அப்புறம் மாடியைப் பாரு. அதுக்கப்புறம் காலண்டரைப் பாரு. கடைக்குக் கடைசியிலேதான் போகணும்!”

மாமி சொன்ன அந்த வரிசைதான் இந்தக் கட்டுரை. ஆடி பிறக்க இன்னும் சில நாள் இருக்கிறது. ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் சமையல்கட்டு

அந்த வருடம் எங்கள் வீட்டில் இன்னொரு கவலையும் இருந்தது. பத்தாம் வகுப்பு படித்த மகள் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கினாள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4. அவள் வயதுக்கு 12-க்குக் குறையக் கூடாது என்றார் டாக்டர். இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது, பாதிக்கு மேல்!

டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூடவே, “தினம் கீரை சாப்பிடட்டும்” என்றார். தினம் கீரைக்கு எங்கே போவது? காலையில் வரும் கீரைக்காரம்மா ஒருநாள் வந்தால் இரண்டு நாள் வருவதில்லை. கடைக் கீரையோ பாதி நாள் வாடித்தான் கிடைக்கும். மாடியில் பதினான்கு பாக்கெட் விதை போட்டவள், அதில் ஒரு கீரை விதைகூட வாங்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆகவே நோட்டில் முதல் பக்கத்தில் எழுத வேண்டியது, ‘எந்தச் செடி அழகு?’ என்பதல்ல. ‘நம் வீட்டில் யாருக்கு என்ன தேவை? எதை எல்லோரும் சாப்பிடுவார்கள்?’ என்பதுதான். ஒரு வாரம் நீங்கள் சமைத்த காய்களை எழுதிப் பாருங்கள். யாரும் தொடாத காயைத் தொட்டியில் வளர்த்து என்ன பயன்?

இன்னொரு கணக்கும் போடுங்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், வளர்ந்தவர் ஒருவர் கீரையும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 400 கிராம் காய்கறி சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல்! பத்துத் தொட்டியில் இது முடிகிற காரியமா? முடியாது. அதனால் எல்லாவற்றையும் வளர்க்க ஆசைப்படாதீர்கள். வெங்காயம், உருளை, காரட், கோஸ் இதெல்லாம் கடையில் வாங்கிக்கொள்ளலாம். பறித்த சில மணி நேரத்தில் வாடுகிற கீரை, புதினா, கொத்தமல்லி; ஒரே செடி பல வாரம் காய்க்கிற வெண்டை, கத்தரி, மிளகாய், கொத்தவரை... இவைதான் வீட்டுத் தோட்டத்துக்கு லாபம்.

வாடிய கீரையில் இரும்புச்சத்து ஓடிப்போய்விடாது. ஓடிப்போவது வைட்டமின் சி. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு அரைகுறையாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதற்குத் துணை செய்வதே இந்த வைட்டமின் சிதான். கீரையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிவது வெறும் ருசிக்காக மட்டும் அல்ல! சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிப்பதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அவை இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும்.

அடுத்து மாடி

ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். காலை எட்டு மணி, மதியம் பன்னிரண்டு, சாயங்காலம் நாலு... மூன்று வேளையும் நிழல் விழும் இடத்தைத் தரையில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். காய்க்கும் செடிகளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மூன்று, நாலு மணி நேரம்தான் வெயில் என்றால் கீரை, புதினா போடலாம்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். இன்று போட்ட கோடு மார்கழியில் பொருந்தாது! ஆடி மாத ஆரம்பத்தில் நம் ஊரில் உச்சி வெயில் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். மார்கழியில் நன்றாகத் தெற்கே போய்விடும். அப்போது தண்ணீர்த் தொட்டி, மாடிச் சுவர் இவற்றின் நிழலெல்லாம் வடக்குப் பக்கம் நீளும். ஆடியில் சுவரின் வடக்கே வெயிலில் குளித்த கத்தரிச் செடி, காய்க்கிற காலத்தில் நிழலில் நின்று பரிதாபமாகப் பார்க்கும். என் முதல் வருடக் கத்தரிக்கு நேர்ந்தது இதுதான். மார்கழி வரை நிற்கப்போகும் செடிகளைச் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் தெற்குப் பக்கத்தில் வையுங்கள். ஐப்பசிக்குள் முடியும் செடிகளை வடக்கே வைக்கலாம்.

பாரத்தையும் பாருங்கள். ஈரமான தோட்டத்து மண் ஒரு கன அடி சுமார் 45 கிலோ இருக்கும். மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்தால் பாரம் குறையும், வேரும் இளகி ஓடும். பெரிய தொட்டிகளை நட்ட நடு மாடியில் குவிக்காமல், கீழே சுவரோ உத்தரமோ வரும் இடத்துக்கு மேலே வையுங்கள். கட்டடம் பழசு, மழைக்கு ஒழுகுகிறது என்றால் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

மூன்றாவது காலண்டர்

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. இந்தப் பட்டத்தில் விதைத்தால், வெயில் தணியும்போது செடி வேர் பிடித்து, மழைக்கு முன்பே தெம்பாகிவிடும். ஆனால் எந்த விதையை வேண்டுமானாலும் ஆடியில் போடலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. விதைக்கிற நாளைப் பார்ப்பதை விட, காய்க்கிற நாளைப் பார்த்துப் பின்னோக்கி எண்ணுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாவது வாரத்தை ஒட்டி, அதாவது ஐப்பசி ஆரம்பத்தில் வரும். இதை நோட்டில் சிவப்பு மையால் எழுதிக்கொள்ளுங்கள்.

வெண்டை: ஜூலை பதினேழு வாக்கில், ஆடி முதலில், நேராகத் தொட்டியில் விதைத்தால் சுமார் 45 நாளில் முதல் காய். ஆவணி பாதியிலிருந்து மழை தொடங்கும் வரை பறிக்கலாம். பன்னிரண்டு செடி இருந்தால் நாலு பேருக்கு வாரம் இரண்டு பொரியலுக்குக் காணும்.

கொத்தவரை: இதுவும் நேர் விதைப்பு. 50 நாளில் காய்க்கத் தொடங்கும்.

கத்தரி, மிளகாய்: நாற்று விட்டு நட வேண்டும். கத்தரி நாற்றுக்கு 30 நாள், மிளகாய்க்கு 40 நாள். ஆடியில் நாற்று விட்ட கத்தரி புரட்டாசிக் கடைசியில் காய்க்கத் தொடங்கி தை வரை போகும். கத்தரி ஐந்து செடி, மிளகாய் நாலு செடி போதும்.

பந்தல் அவரை: பகல் பொழுது குறையக் குறையத்தான் இது பூக்கும். ஆடியில் விதைத்தால் மார்கழி, தையில் கொத்துக் கொத்தாய்க் காய். இதையே சித்திரையில் விதைத்தால் வெறும் கொடிதான் ஓடும். ‘விதை மோசம்’ என்று கடைக்காரரைத் திட்டிப் பயன் இல்லை.

பாகல், புடலை, பீர்க்கை: பந்தல் அல்லது கயிறு கட்ட வசதி இருந்தால் ஆளுக்கு இரண்டு கொடி. ‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பதை மறக்காமல் பந்தலை அழுத்தமாகக் கட்டுங்கள்.

தக்காளி: ஆடியில் நட்டால் பழுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளும். பழம் வெடிக்கும், அழுகும். நான் இப்போதெல்லாம் கார்த்திகையில் நாற்று விட்டு மார்கழியில் நடுகிறேன். மாசியில் கூடை நிறையப் பழம்.

காரட், காலிஃபிளவர், பீட்ரூட்: சமவெளி ஊர்களில் ஐப்பசி, கார்த்திகைக்கு மேல்தான் இவற்றுக்குக் குளிர்ச்சி கிடைக்கும். என் பதினான்கு பாக்கெட்டில் பாதி வீணானது இதனால்தான்!

முளைக்கீரை: கடும் மழைக்காலம் தவிர எப்போதும் போடலாம். 21 முதல் 25 நாளில் பறிக்கலாம். எல்லா விதையையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். நாலு தொட்டியை வைத்துக்கொண்டு, வாரம் ஒரு தொட்டி விதையுங்கள். முதல் தொட்டியைப் பறிக்கும்போது கடைசித் தொட்டி முளைத்துக்கொண்டிருக்கும். கூடவே கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும் அரைக்கீரை ஒரு தொட்டி.

கடைசியில்தான் கடை

இப்போது கையில் பட்டியல் இருக்கிறது. பட்டியலில் இல்லாததை வாங்குவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு கிளம்புங்கள். பாக்கெட்டைக் கையில் எடுத்ததும் முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கம் திருப்புங்கள். ரகத்தின் பெயர், முளைப்புத் திறன், பரிசோதித்த நாள், செல்லுபடியாகும் நாள் நான்கும் இருக்கிறதா? பொதுவாகப் பரிசோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம்தான் கணக்கு. வெண்டைக்கு 65 சதவீதம், தக்காளி, கத்தரிக்கு 70, மிளகாய்க்கு 60 - இதற்குக் குறையாமல் முளைப்புத் திறன் இருக்க வேண்டும். நீல நிற அட்டை இருந்தால் அது அரசு சான்று பெற்ற விதை. பச்சை அட்டை என்றால் உண்மை நிலை விதை, அதாவது தரத்துக்கு விற்பவரே பொறுப்பு.

ஜன்னலோரத்தில் வெயில் படும்படி தொங்கும் பாக்கெட் வேண்டாம். சூடும் ஈரமும் விதைக்கு எமன்.

எந்த ரகம்? கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அதன் ஆராய்ச்சி நிலையங்களும் நம் மண்ணுக்கென்றே உருவாக்கிய ரகங்கள் இருக்கின்றன. பெரியகுளத்தின் பி.கே.எம்.1 தக்காளி, பாலூரின் பி.எல்.ஆர்.1 கத்தரி, வெள்ளை முட்டை போலக் காய்க்கும் கிள்ளிகுளத்தின் கே.கே.எம்.1 கத்தரி, மதுரையின் எம்.டி.யு.1 பாகல். வெண்டையில் பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா, மஞ்சள் நரம்பு நோயைத் தாங்குவதற்கென்றே உருவாக்கப்பட்டது. கொத்தவரையில் பூசா நவ்பஹார் கிளை விடாமல் நேராக வளரும், தொட்டிக்குத் தோது.

‘வீரிய ஒட்டு’ என்று போட்டிருந்தால் நன்றாகவே காய்க்கும். ஆனால் அதிலிருந்து விதை எடுத்து அடுத்த வருடம் போட்டால் தாயைப் போலப் பிள்ளை இருக்காது. வருடா வருடம் விதை வாங்க விருப்பமில்லாதவர்கள் சாதாரண ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை! பாக்கெட்டுக்குள் விதை ரோஸ், நீலம், பச்சை என்று சாயம் பூசியது போல இருந்தால், அது பூஞ்சாணக் கொல்லி மருந்து. விதைத்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மிஞ்சியதை ‘கொத்தமல்லிதானே’ என்று சமையலறை டப்பாவில் கொட்டிவிடாதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது. கொத்தமல்லி, வெந்தயத்துக்குப் பாக்கெட்டே தேவையில்லை. மளிகைக் கடையில் வாங்கியதே முளைக்கும். கொத்தமல்லியை மட்டும் செருப்பால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடுங்கள்.

விதைக்கு முன் ஒரு பரீட்சை

போன வருடம் மிஞ்சிய விதை இருக்கிறதா? ஈரத்துணியில் பத்து விதையைச் சுற்றி ஒரு டப்பாவில் வையுங்கள். துணி காயக் கூடாது. வெண்டை ஐந்தாறு நாளில் முளை விடும். கத்தரிக்குப் பத்து நாள், மிளகாய்க்கு இரண்டு வாரம்கூட ஆகும். பத்துக்கு ஏழு முளைத்தால் பாஸ். நாலைந்து என்றால் இரண்டு மடங்கு விதையுங்கள். அதற்கும் கீழே என்றால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு தூக்கிப் போடுங்கள்.

விதைக்கும் ஆழம், விதையின் கனத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு போதும். வெண்டை, பாகல் விதைகளை முதல் நாள் ராத்திரி தண்ணீரில் ஊறப் போடுங்கள். தூள் போன்ற கீரை விதையை மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் கும்பலாக முளைக்காது. குடத்தால் ஊற்றாமல், பூவாளியால் தெளியுங்கள்.

சுரைக்காய் விதையில் ஜாக்கிரதை

தக்காளி, அவரை, காராமணி இவற்றில் பெரும்பாலும் தன் மகரந்தமே சேரும். நல்ல செடி ஒன்றைக் குறித்துவைத்து, முற்றவிட்டு, நிழலில் உலர்த்தி விதை எடுத்துக்கொள்ளலாம். சுரை, வெள்ளரி, பூசணி வகையில் அப்படி இல்லை. வண்டும் தேனீயும் எங்கேயோ இருக்கும் கசப்புச் சுரையின் மகரந்தத்தை உங்கள் சுரைப்பூவுக்குக் கொண்டுவந்துவிடும். அந்த வருடக் காயில் ருசி மாறாது. அதன் விதையைப் போட்ட அடுத்த வருடம் காய் கசக்கும்.

கசந்தால் என்ன, பாகற்காய் கசக்கவில்லையா என்று கேட்காதீர்கள். பாகலுக்குக் கசப்பு இயல்பு. சுரையிலும் வெள்ளரியிலும் வரும் கசப்போ விஷத்தின் அடையாளம். கசப்புச் சுரைக்காய்ச் சாறு குடித்து வாந்தி, ரத்தக் கசிவு ஏற்பட்டு உயிர் போனவர்கள் உண்டு. 2010-ல் டில்லியில் நடந்த ஒரு மரணத்துக்குப் பிறகு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஒரு நிபுணர் குழுவை அமைத்து ஆராய்ந்து, கசக்கும் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று எச்சரித்தது. சமைத்தாலும் அந்த விஷம் போகாது. அதனால் சுரைக்காயை நறுக்கியதும் ஒரு துணுக்கை நுனி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பிவிட்டுக் காயைக் குப்பையில் போடுங்கள். ‘நாமே வளர்த்தது, வீணாக்குவதா?’ என்ற எண்ணமே வேண்டாம். சுரை விதையை மட்டும் ஒவ்வொரு வருடமும் நம்பிக்கையான இடத்தில் புதிதாக வாங்கிக்கொள்வதே நல்லது.

இவற்றையும் நோட்டில் எழுதுங்கள்

* தொட்டிக்கு அடியிலுள்ள தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறையாவது தட்டைக் கொட்டித் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள்.

* பழைய பெயிண்ட் டப்பா, பூச்சி மருந்து டப்பா எதிலும் செடி வைக்காதீர்கள்.

* பச்சைச் சாணத்தைக் கீரைக்குப் போடக் கூடாது. நன்றாக மக்கிய உரம்தான் போட வேண்டும். வீட்டுக் கீரையானாலும் இரண்டு, மூன்று தண்ணீர் விட்டு அலசுங்கள்.

* மண்ணில் கை வைப்பவர்கள் டெட்டனஸ் தடுப்பூசி போட்டு எவ்வளவு வருடம் ஆயிற்று என்று டாக்டரிடம் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

* சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கீரையை எவ்வளவு சேர்க்கலாம் என்று டாக்டரைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

என் மகள் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆறு மாதம் மாத்திரையை ஒருநாள் விடாமல் சாப்பிட்டாள். வாரத்தில் ஐந்து நாள் மாடிக் கீரை, முருங்கைக்கீரை. திரும்பப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 12.1. கீரை மட்டுமே செய்த வேலை என்று சொல்லமாட்டேன், மாத்திரை இல்லாமல் அது நடந்திருக்காது. ஆனால் முன்பு கீரை என்றாலே முகத்தைச் சுளிப்பவள், தான் விதைத்த தொட்டி என்பதால் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மாத்திரை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது, கீரையை அவள் நிறுத்தவில்லை.

இந்த ஆடிக்கு என் பட்டியலில் இருப்பது ஏழே விதை: முளைக்கீரை, அரைக்கீரை, வெண்டை, கொத்தவரை, கத்தரி, மிளகாய், பந்தல் அவரை. நேற்று சாயங்காலம் மாமியிடம் காட்டினேன். கண்ணாடியை இறக்கிப் படித்துவிட்டு, “அவரைக்குக் கயிறு வாங்கியாச்சா?” என்று மட்டும் கேட்டார்.

வாங்கவில்லை. நீங்களும் பட்டியலில் கயிற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்!